கோழிக்குக் கிடைத்த இருட்டு

பிள்ளைகளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலைக் கடிதத்தில் முதுகலை விலங்கியல் ஆசிரியர், கூடுதலாக விடுதிக் காப்பாளர் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் கரஸ்பாண்டன்ட் என்னைக் காட்டி, "இந்த சார் ரவுண்ட்ஸ் வந்தா ஒரு பய கண்ணசர மாட்டான்" என்பார். பெற்றோர் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கும்பிடுக்காகவே இரவில் இன்னொரு சுற்று போயிருக்கிறேன்.

நாமக்கல் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. பிளஸ் டூவுக்கு 1,200 மதிப்பெண் இருந்த காலம். கட்-ஆஃபில் கால் மதிப்பெண் குறைந்தால் கல்லூரி மாறிவிடும். பிளஸ் ஒன் புத்தகத்தைப் பேருக்குக் கொடுத்துவிட்டு, ஜூன் மாதமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுவோம்; இரண்டு வருஷமும் அதே புத்தகத்தைப் பிள்ளைகள் மென்றுகொண்டிருப்பார்கள். காலை நாலரைக்கு மணி. ஐந்துக்கு ஸ்டடி ஹவர். இரவு பதினொன்றரைக்கு விளக்கணைப்பு. பொதுத்தேர்வு நெருங்கினால் அது பன்னிரண்டாகும். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பையனுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு.

தூங்கி விழுகிறவனை எழுப்புவதற்கு என்னிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அடுத்து நிற்க வைப்பேன். நின்றபடியே தூங்கினால் முகம் கழுவிவிட்டு வரச் சொல்வேன். அதற்கும் மசியாதவனை வராந்தாவில் நடந்துகொண்டே படிக்கச் சொல்வேன். மார்கழிக் குளிரில், குழாய்த் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் புத்தகத்தோடு நடக்கிற பையன்களைப் பார்த்துக்கொண்டு நான் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பேன். இரவு ஒன்பதரைக்கு எல்லோருக்கும் டீ உண்டு. சமையல் மாஸ்டரிடம், "தூளைத் தூக்கலாப் போடுங்க மாஸ்டர்" என்று சொல்லி வைத்திருந்தேன். கண்ணீரும் கம்பலையுமாக வரும் புதுப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு ஒரே வார்த்தைதான்: "பழகிடும்."

தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. மூளைப் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் மூளையின் குறுக்குவெட்டைப் பார்க்காமல் வரைவேன். அந்தப் படத்துக்காகவே பக்கத்து செக்‌ஷன் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். ஹைப்போதலாமஸை நீல சாக்பீஸால் வரைந்து, பசி, தாகம், உடல்வெப்பம், தூக்கம் எல்லாவற்றுக்கும் இதுதான் கட்டுப்பாட்டு மையம், பத்து மார்க் கேள்வி, எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். தூக்கம் என்ற சொல்லை எழுதும்போதே தூங்கிக்கொண்டிருந்தவனைச் சாக்பீஸால் அடித்து எழுப்பியிருக்கிறேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்துக்கு மேலே, அதே ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நியூரான்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடம்பின் நாள்கடிகாரம் அது. விழித்திரையிலிருந்து வரும் வெளிச்சச் சேதியை வைத்து நேரத்தைத் திருத்திக்கொண்டு, இரவானதும் பீனியல் சுரப்பியை மெலடோனின் சுரக்கவிடும். இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ளே எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈயில் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. பருவ வயதில் இந்தக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகும். பத்து வயதில் ஒன்பது மணிக்குக் கண் சொக்கிய பிள்ளைக்குப் பதினாறு வயதில் பதினொன்றுக்குத்தான் தூக்கம் வரும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் பல வருஷம் பிள்ளைகளின் எச்சிலில் மெலடோனினை அளந்து காட்டியது இதைத்தான். அதனால் நாலரை மணி என்பது அவன் உடம்புக்கு நடுச்சாமம். நாங்கள் அவனை விடியலில் எழுப்பவில்லை. ஆழ்ந்த இரவிலிருந்து பிடுங்கி எடுத்தோம். 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியைக் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்காதீர்கள் என்று சொன்னது. கலிபோர்னியாவில் அது சட்டமாகவே வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் எட்டரைக்குள் இரண்டு டெஸ்ட் முடிந்திருக்கும்.

நம்மூரில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "விடியக்காலையில் படித்தால்தான் மனசில் பதியும்; எங்கள் அப்பா சிம்னி விளக்கில் அப்படித்தான் படித்தார்." நானும் அசெம்பிளியில் இதை மைக் பிடித்துச் சொன்னவன்தான். அந்த அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டில் எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்து, எட்டரைக்கு ஊரே அடங்கியிருக்கும். நாலரைக்கு எழுந்தாலும் அவருக்கு எட்டு மணி நேரம் ஆகியிருக்கும். தெளிந்த மூளையோடு படித்தார், பதிந்தது. நாங்கள் அவருடைய விடியற்காலையை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னிரவை விட்டுவிட்டோம். டியூப்லைட் வந்தபிறகு அந்த முன்னிரவுக்கும் ஸ்டடி ஹவர் போட்டோம்.

விடுதிக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு கோழிப் பண்ணை. நாமக்கல்லில் இது அதிசயமில்லை. முட்டைக் கோழிகளுக்குப் பகல் வெளிச்சத்தோடு விளக்கு வெளிச்சத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 16 மணி நேரம் கொடுப்பார்கள். பறவைக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி நேராக ஹைப்போதலாமஸுக்கே போகும். 1930களில் ழாக் பெனுவா என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ணில்லாத வாத்துகளை வைத்தே இதைக் காட்டினார். வெளிச்சம் கூடினால் மூளை ஹார்மோனை அனுப்பும், கோழி முட்டையிடும். வகுப்பில் இதை நான் உற்சாகமாகச் சொல்வேன். சுவருக்கு அந்தப்பக்கமே உதாரணம் கொக்கரித்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன வேண்டும்?

பண்ணைக்காரர் எப்போதாவது சாயங்காலம் சுவரோரமாக நின்று பேசுவார். ஒருநாள் கேட்டார்: "ஏனுங் சார், காத்தால நான் லைட்டுப் போடறதுக்கு முன்னாடியே உங்க ஹாஸ்டல்ல லைட்டு எரியுது. ராத்திரி நான் அணைச்சு ரொம்ப நேரங் கழிச்சும் எரியுது. பசங்க எப்பங்க தூங்குவாங்க?"

"அஞ்சு மணி நேரம் தூங்கறாங்க, போதுங்க" என்றேன்.

"கோழிக்கே எட்டு மணி நேரம் இருட்டு குடுத்தாகோணுங்க. அதுக்கு மேல வெளிச்சத்த நீட்டுனா ஒண்ண ஒண்ணு கொத்திக்குது."

"அதுக கோழிங்க. இவனுங்க டாக்டராகோணும்" என்று நான் சொன்ன பதில் அப்போது எனக்கே சாமர்த்தியமாகத் தெரிந்தது. ஸ்டாஃப் ரூமில் போய் அதை வேறு ஒரு ஜோக்காகச் சொன்னேன்.

கொத்திக்கொள்வது எங்கள் பக்கமும் இருந்தது. பக்கெட்டுக்கு, ஹேங்கருக்கு, ஒரு பேனா மூடிக்கு அடிதடி. வீட்டிலிருந்து போன் வந்தால் தேம்பித் தேம்பி அழுகை. நாங்கள் முன்னதை ரௌடித்தனம் என்றும் பின்னதை வீட்டு ஏக்கம் என்றும் பதிவேட்டில் எழுதினோம். 2007இல் மாத்யூ வாக்கரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் இரவு தூங்காதவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். அச்சத்தையும் ஆத்திரத்தையும் கிளப்பும் அமிக்டலா, தூங்கியவர்களுக்கு இருந்ததைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது. நெற்றிக்குப் பின்னாலிருந்து அதைத் தட்டி அடக்கும் முன்மூளைப் பகுதியோடு அதற்கிருந்த தொடர்பு தளர்ந்து போயிருந்தது. பதினாறு வயதில் அந்த முன்மூளைப் பகுதி முழுசாக முதிர்ந்திருப்பதுமில்லை. இருக்கிற கொஞ்சத்தையும் நாங்கள் நாலரை மணி அடித்துப் பறித்தோம். பிறகு "ஒழுக்கம் இல்லை" என்று பெற்றோரை வரவழைத்தோம்.

விடியலில் எழுப்புவதில் இன்னொரு கேடும் உண்டு. முன்னிரவில் ஆழ்தூக்கம் அதிகம். கண்கள் இமைக்குள் அலையும் கனவுத் தூக்கமோ விடியலை நெருங்க நெருங்கத்தான் நீளும். கடைசி மூன்று மணி நேரத்தை வெட்டினால் தூக்கத்தின் ஒரு பகுதி போகிறது என்பதோடு முடிவதில்லை. கனவுத் தூக்கத்தின் பெரும்பங்கு போய்விடும்.

சிக் ரூமில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். சளி, காய்ச்சல், மறுபடி சளி. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்போம். அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுவிட்டு ஒரு சோதனை செய்தார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்கு இருந்தது. தண்ணீர்மேல் பழி போட்டுவிட்டு நான் பாராசிட்டமால் கொடுத்து ஸ்டடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நான் செய்த வேலையின் விளைவு நோட்டுப்புத்தகங்களில் நன்றாகத் தெரியும். காலை ஸ்டடி ஹவரில் எழுதிய நோட்டுகளைத் திருத்துவேன். "நெஃப்ரானின் அமைப்பு: பௌமானின் கிண்ணம், அண்மைச் சுருள்..." வரைக்கும் குண்டு குண்டான எழுத்து. அடுத்த சொல்லின் நடுவில் எழுத்து இளைக்கும். அங்கிருந்து பேனா கோட்டைவிட்டு இறங்கி, சாய்வாக ஒரு இழுப்பாய் ஓரம் வரை போய் நிற்கும். நாலு வரி கீழே மறுபடி தெளிவான எழுத்து. ஒரு நோட்டில் இல்லை, பாதி வகுப்பின் நோட்டில் அந்த இழுப்பு இருந்தது. கண் திறந்தபடி சில நொடி மூளை அணைந்துபோவதன் தடம் அது. நான் ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் சுழித்து, "கவனக்குறைவு" என்று எழுதினேன்.

ஒரு பையனின் நோட்டில் இந்த இழுப்புகள் அதிகம். பெயர் வேண்டாம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தவன். பத்தாம் வகுப்பில் ஊர்ப் பள்ளியில் முதல் மதிப்பெண். வந்த புதிதில் கேள்வி கேட்டுத் துளைப்பான். "சார், மீனுக்குத் தூக்கம் உண்டா?" என்று கேட்டவன் அவன்தான். பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்காதே என்று உட்காரவைத்தேன். தை பிறப்பதற்குள் கேள்வி நின்றுவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கினான். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தது பையன்கள் இல்லை, நான்.

ரிவிஷன் டெஸ்டில் விலங்கியலுக்கு 75. அவனுக்கு 58 போட்டிருந்தேன். 60க்குக் கீழே வந்தால் 'ஏ' செக்‌ஷனிலிருந்து 'சி'க்கு இறக்குவது பள்ளியின் வழக்கம். பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியது. அப்பாவுக்குப் போன் போனது. அவர் இரவு பஸ் பிடித்து, விடியலில் வந்து, நான் ஸ்டடி ஹவர் முடித்து வரும்வரை வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. பையில் பையனுக்கு அதிரசம்.

"எங்க சார் தப்பு நடக்குது?" என்றார்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லைங்க. தூக்கம். உங்க பையனுக்குப் படிப்பவிடத் தூக்கம் பெருசா இருக்கு. இஷ்டமில்லாம படிச்சா இப்படித்தான்."

அவர் பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான். "தோலை உரிச்சிருங்க சார். கண்ண மட்டும் விட்டுட்டு எங்க வேணும்னாலும் அடிங்க" என்றார். நான் அவனை அடிக்கவில்லை. அடிக்காததை அன்றைக்குப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அதிரசத்தில் இரண்டை எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் மத்தியான பஸ்ஸுக்குப் போனார்.

விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்க எண் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் தாளைப் புரட்டினேன். உள்ளே ஒரு பத்து மார்க் கேள்வி. இதயத்தின் படமும் விடையும். முழுசாகப் பத்து போட்டிருந்தேன். முன்பக்கக் கூட்டலில் அந்தப் பத்து இல்லை. அது மட்டுமில்லை. அந்தப் பத்துக்குப் பக்கத்தில், என் சிவப்பு மையில், 'நன்று' என்று எழுதத் தொடங்கியிருந்த சொல்லின் நடுவிலிருந்து ஒரு கோடு சாய்வாக இறங்கித் தாளின் ஓரம் வரை போயிருந்தது.

அவனுக்கு 68. அவன் 'ஏ' செக்‌ஷன்.

அந்தத் தாள்களை நான் திருத்தியது இரவுச் சுற்று முடிந்தபிறகு. காலை நாலேகாலுக்கு எழுந்தவன், நள்ளிரவில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவருக்கு இருக்கும் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் அளந்து எழுதினார்கள். நம் நாட்டில் 30 மில்லிகிராம் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். ஒரு வாத்தியார் குடித்துவிட்டு விடைத்தாள் திருத்தினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதைவிடக் கெட்ட நிலையில் மூளையை வைத்துக்கொண்டு நான் திருத்தியதைக் கரஸ்பாண்டன்ட் கடமை உணர்ச்சி என்றார்.

கூட்டல் பிழை யாருக்கும் வரும். நான் ஒத்துக்கொள்ள வந்தது அதை இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பட்டியலைத் திருத்தினால் கரஸ்பாண்டன்ட் கேட்பார். அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும். வாசலில் உட்கார்ந்திருந்த மனிதரிடம், உங்கள் பையன் தூங்கவில்லை, தூங்கியது நான் என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் யோசித்துவிட்டு அந்தத் தாளைக் கட்டிலிருந்து உருவி, என் மேஜை டிராயரில் போட்டேன்.

அன்று மாலை அவன் வந்தான். "சார், என் பேப்பர்?"

"ஆபீஸ்ல இருக்கு."

மறுபடி அவன் கேட்கவில்லை. அடுத்த டெஸ்டில் 51 வாங்கினான். அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. 'சி' செக்‌ஷன்தான் இவனுக்குச் சரி என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இந்த நிம்மதியைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவன் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. சுமாரான மதிப்பெண்ணோடு போனான். எங்கோ நன்றாகவே இருக்கலாம். அப்படிப் பெரிதாகச் சொன்னால் அதுவும் என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்கிற வேலை. நான் செய்தது சின்னக் காரியம், கோழைத்தனமான காரியம்.

பிற்பாடு அந்த வேலையை விட்டேன். விட்டது மனசாட்சி உறுத்தியதால் இல்லை, ரத்தக்கொதிப்பு. நாற்பது வயதில் மாத்திரை. வீட்டில் குழந்தை டம்ளரைத் தட்டிவிட்டால்கூடக் கை ஓங்குகிற அளவுக்கு வந்திருந்தேன். மனைவி ஒருநாள், "ஹாஸ்டல் பசங்களும் நானும் ஒண்ணா உங்களுக்கு?" என்று கேட்டாள். டாக்டர் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டபோது, ஐந்து போதும் டாக்டர், பழகிடுச்சு என்றேன். பிள்ளைகளுக்குச் சொன்ன அதே வார்த்தை.

பழகாது என்று பிறகு படித்தேன். நீட் வகுப்பு எடுக்கப் புதிதாகப் பாடம் தயாரித்தபோது கண்ணில் பட்டது. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கனும் டிஞ்சஸும் ஆட்களைப் பிரித்து, நாலு, ஆறு, எட்டு மணி நேரம் என்று 14 நாள் தூங்கவைத்தார்கள். ஆறும் அதற்குக் கீழும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு இரவு வரை கண் மூடாதவர் நிலைக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், தூக்கக் கலக்கம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டபோது அவர்கள் சொன்ன அளவு முதல் சில நாளுக்குப் பிறகு அதிகம் ஏறவே இல்லை. மூளை சரிந்துகொண்டே போனது. சரிகிறோம் என்ற உணர்வு மட்டும் நின்றுவிட்டது. பழகிடுச்சு என்று நாம் சொல்வது அந்த நின்றுபோன உணர்வைத்தான். தூளைத் தூக்கலாகப் போட்ட டீ செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. விழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தைக் கூப்பிடும். காஃபீன் அது உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடினோசின் குறைவதில்லை, அதன் குரல்தான் கேட்காது. குடித்த காஃபீனில் பாதி கரையவே ஐந்து மணி நேரம் ஆகும் என்றால், ஒன்பதரை மணி டீ பதினொன்றரைக்குப் படுத்தவனை என்ன செய்திருக்கும்?

இன்னும் கசப்பான சேதி, நாங்கள் எதற்காக இதைச் செய்தோமோ அதற்கே இது ஆகாது என்பது. பகலில் படித்ததை ஹிப்போகேம்பஸ் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும். தூக்கத்தில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பெருமூளைப் புறணியில் நிலைபெறச் செய்யும். 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளின் மூளையில் மின்முனை வைத்துப் பார்த்தார்கள். பகலில் எலி நடந்த பாதைக்குச் சேர்ந்து துடித்த நியூரான்கள் ஆழ்தூக்கத்திலும் சேர்ந்து துடித்தன. இதற்கெல்லாம் முன்னால், 1924இலேயே, கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டு மாணவர்களுக்கு அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களை மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். படித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் பாதிக்கு மேல் நினைவிருந்தது. அதே நேரத்தை விழித்துக் கழித்தால் பெரும்பகுதி போயிருந்தது. அர்த்தமில்லாததை மனப்பாடம் செய்வது எங்கள் விடுதியில் நாள்தோறும் நடந்த காரியம். தூங்கும் பாதிதான் எங்களிடம் இல்லை. நேற்றுப் படித்ததை இன்று மறந்துவிட்டான் என்று இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைத்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் இன்றைக்குப் படித்ததும் போனது.

இத்தனை தெரிந்தபிறகு நான் மாறியிருக்க வேண்டும். சொல்லப்போனால் கொஞ்சம் மாறினேன். இப்போது வீட்டிலிருந்தே ஆன்லைனில் நீட் உயிரியல் எடுக்கிறேன். முதல் வகுப்பிலேயே தூக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவேன். பெற்றோர் தலையாட்டுவார்கள். அப்புறம் தனியாகப் போன் செய்து, "சார், நாலு மணிக்கு எழுப்பிவிடட்டுமா, நாலரைக்கா?" என்று கேட்பார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் படுக்கவைத்தால் தாராளமாக எழுப்புங்கள் என்பேன். சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள்.

போன மார்ச் கடைசியில் கிராஷ் கோர்ஸ் தொடங்கினேன். காலை ஏழரைக்கு வகுப்பு என்று அறிவித்தேன். நீட் தேர்வு தொடங்குவது மத்தியானம் இரண்டு மணிக்கு. சாப்பிட்டபின் எல்லோருக்கும் கண் சொக்குகிற வேளை. விடியலில் எழுந்தவன் அப்போது பத்து மணி நேரம் விழித்திருப்பான். ஆகவே காலையில் தூங்கட்டும் என்பது என் கணக்கு. இரண்டு நாளில் பாதிப் பேர் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வேறொருவர் ஐந்து மணிக்கே வகுப்பு வைக்கிறாராம். ஓர் அம்மா நயமாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சார். பிள்ளைங்க மேல அக்கறை இருந்தா அந்த சார் மாதிரி நேரத்தோட எழுந்திருக்க மாட்டீங்களா?"

ஐந்தேகாலுக்கு மாற்றினேன். போன பெயர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. அந்தக் கோர்ஸ் தேர்வுக்கு முந்தைய வாரம்வரை ஐந்தேகாலுக்கே நடந்தது. நரம்பு மண்டலப் பாடத்தையும் அந்த நேரத்தில்தான் நடத்தினேன். கேமராவைப் போடச் சொல்லி ஒருவரையும் வற்புறுத்தவில்லை, போட்டால் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். கட்டணத்தை முழுசாக வாங்கிக்கொண்டேன்.